வாய்க்குள் இருப்பது

பத்தாவது நாளும் அந்த மீன் சாப்பிடவில்லை. நான் போட்ட இறால் குஞ்சுகள் அதன் மூக்குக்கு நேராகவே நீந்திப் போயின. விரல் நீளம்கூட இல்லாத உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள். கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவே ஒதுங்கி நின்றது. அங்கே வேறு எந்த மீனும் வாலாட்ட முடியாது. தாடை மட்டும் புடைத்திருந்தது.

எங்கள் மீன்காட்சிசாலையின் மருத்துவர் என் அண்ணி. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால் என்னை யாரென்றே தெரியாது அவருக்கு. காலையில் வந்தவர் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"தாடையில கட்டி மாதிரி இருக்கு தம்பி. பிடிச்சு மருந்துத் தொட்டில விடுங்க."

வலையை எடுத்தேன், தண்ணீரில் இறக்கவில்லை. போன மாதமும் இதே மீனுக்கு இதே வீக்கம். பெரிய கெட்டிக்காரன் மாதிரி, யாரையும் கேட்காமல் வலைபோட்டுப் பிடித்தேன். பயத்தில் அது ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்தைத் துப்பியது. செரிக்காத தீனி என்று நினைத்துக் குழாயால் உறிஞ்சிச் சாக்கடையில் விட்டேன். மறுநாள் அது வக்கணையாகச் சாப்பிட்டது. நோயைத் தீர்த்துவிட்டேன் என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். பிறகுதான் படித்தேன்: இந்த இனத்தில் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பது ஆண். குஞ்சுகள் வெளியே வரும்வரை மூன்று நான்கு வாரம் பட்டினி கிடக்கும். அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை வீக்கத்தை யாரும் கவனிக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

"அண்ணி, அது கட்டி இல்ல. முட்டை."

"இங்க நான் டாக்டர். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"கட்டியும் இப்படித்தான் இருக்கும். பிடிங்க."

சொன்னால் வேலை போகலாம். அதைவிட, அண்ணி முகத்தில் இனி எப்படி விழிப்பது? ஆனால் வலை தண்ணீரில் பட்டால் அது மறுபடி துப்பிவிடும்.

"கண்ணால பாத்தேன், டாக்டர். போன மாசம் துப்புச்சு. தெரியாம நான்தான் சாக்கடைல விட்டுட்டேன்."

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எத்தன இருந்துச்சு?"

"நாப்பது, அம்பது இருக்கும்."

என் கையிலிருந்த வலையை வாங்கிக் கீழே வைத்தார். கோட்டுப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து முட்களுக்கு இடையே ஒளியைச் செலுத்தினார். இருவரும் தொட்டியை ஒட்டிக் குனிந்து நின்றோம். வெகுநேரம் கழித்து, முட்டைகளைப் புரட்டுவதற்காக மீன் வாயைத் திறந்தது. உள்ளே ஆரஞ்சு மணிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒவ்வொரு மணியிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

"கண்ணு," என்றார் அண்ணி.

அத்தனை கண்களும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மீன் வாயை மூடிக்கொண்டது.