ஒன்பது பல்லா, பத்துப் பல்லா

பிக்கப் வண்டிக்கு வயது இருபத்தாறு. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கண்ணாடிக் கடைக்கு அதுதான் கை, கால் எல்லாம். நகரத்து டிப்போவிலிருந்து கண்ணாடித் தகடுகளை ஹைவே வழியாக ஏற்றி வருவது தம்பியின் பொறுப்பு. மலைச்சரிவில் புதிதாக எழும்பும் வீடுகளுக்கு அவற்றைக் கொண்டுபோய் ஜன்னல்களில் பொருத்துவது அக்காவின் வேலை.

நான்கு மாதத்துக்கு முன்பு தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் பழைய டயர்களைக் கழற்றிவிட்டு, நான்கு அங்குலம் பெரிய டயர்களை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"பழசு தேஞ்சு போச்சுக்கா. இது எப்படி, சும்மா கெத்தா இல்ல?"

அக்காவுக்குக் கெத்தில் நாட்டமில்லை. அன்றிலிருந்து வண்டி மேட்டில் திணறியது. ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்ப வேண்டுமானால் கிளட்சைப் பாதி மிதித்தபடி இன்ஜினை உறுமவிட்டுத்தான் நகர்த்த முடிந்தது. நகரும்போது ஒரு குலுக்கல். அந்தக் குலுக்கலில் இதுவரை மூன்று தகடுகள் விரிசல் விட்டிருந்தன. மூன்றாவது, ஒரு வீட்டுப் படிக்கட்டு ஜன்னலுக்கென்று அளவெடுத்து வெட்டிய ஆறடித் தகடு. அன்று மாலை கடைக்குத் திரும்பியவள் கையுறையைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"ஒண்ணு, பழைய சைஸ் டயரை மாட்டு. இல்லன்னா வண்டிக்கு வேற வழி பாரு."

பழைய சைஸ் என்ற பேச்சையே தம்பி எடுக்கவிடவில்லை. அப்படித்தான் இருவரும் பல் டாக்டரிடம் போனார்கள்.

அவர் உண்மையில் மெக்கானிக். ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு வேலை மட்டுமே பார்ப்பார். நாள் முழுக்கப் பல்சக்கரங்களின் பல்லை எண்ணிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். வாயில்லாதவர் என்று பெயரெடுத்தவர், பல்லைப் பற்றி என்றால் மட்டும் பேசுவார். மேஜையில் விரித்த பழைய செய்தித்தாள் மேல் மூன்று சிறிய பல்சக்கரங்களை வரிசையாக வைத்தார்.

"ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரத்துல எப்பவும் நாப்பத்தோரு பல்லு. மாறுறது இந்தச் சின்னது. இப்ப உங்க வண்டில இருக்கிறது பதினோரு பல்லு. டயர் பெருசானதுக்கு இது பத்தாது. ஒண்ணு பத்துப் பல்லு போடணும், இல்ல ஒம்பது. பல்லு குறையக் குறைய இழுவை கூடும். ஆனா அதே ஸ்பீடுக்கு இன்ஜின் அதிகமாச் சுத்தும். ஹைவேல கத்தும், டீசல் குடிக்கும்."

"அப்ப பத்து," என்றான் தம்பி.

"ஒம்பது," என்றாள் அக்கா. "மலை ஏறுறது நானு."

"வாரத்துக்கு நாலு நாள் ஹைவேல போறது நானு. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா ஓட்டுறது?"

"பின்னாடி ஒம்பது, முன்னாடி பத்துன்னு போட்டுச் சமாதானம் பண்ண முடியாது," என்றார் பல் டாக்டர் சிரிக்காமல். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்னாடியும் பின்னாடியும் ஒரே கணக்கா இருக்கணும். இல்லன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பறிச்சு, மொத்தமும் போயிடும்."

பிறகு அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, மீட்டரில் ஓடிய தூரம், அதிகம் ஓடிய கியர், ஏற்றிய லோடு. இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

"உள்ளதை எழுதுங்க. பொய் எழுதினா பல்லு தப்பாப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. இன்னொண்ணு, டயர் பெருசானதால மீட்டர் குறைச்சுக் காட்டும். நூறு காட்டினா நிஜத்துல நூத்திப் பதினாலு."

தாளை டாஷ்போர்டில் ஒட்டினார்கள். அக்கா தன் வரிகளை ஒழுங்காக எழுதினாள். தம்பியின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்ததால் அதை அவள் படிக்கவே மெனக்கெடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பல் டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளை வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஹைவே நாளெல்லாம் மீட்டர்ல எண்பத்துநாலு கிலோமீட்டர், அஞ்சாவது கியர். சரி. ரெண்டு புதன்கிழமையும் அறுபத்திரெண்டு, ரெண்டாவது கியர்னு இருக்கே. இது எந்த ஏத்தம்? மேடம் போனதா?"

"புதன்கிழமை நான் கடையில இருப்பேன்," என்றாள் அக்கா.

தம்பி சுவரில் தொங்கிய ஸ்பேனர்களை முதன்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மீட்டரில் அறுபத்திரண்டு என்றால் நிஜத்தில் எழுபது. போக வர எழுபது. ஒரு வழிக்கு முப்பத்தைந்து. ஊரிலிருந்து முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில், ஏற்றத்தின் உச்சியில், ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மூடிப்போன கல்குவாரி. அங்கே காவலுக்கு இருந்தவர் அவர்களுடைய அப்பா.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு மாதத்தில் அப்பா வந்தது மூன்று முறை. அதை எண்ணி வைத்திருந்தவள் அக்கா. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவரிடம் பேச்சை நிறுத்தினாள். தம்பியும் நிறுத்திவிட்டான் என்றுதான் இந்த ஆறு வருடமும் நினைத்திருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா," என்றான் தம்பி. "மழையில ரோடு அடிச்சுட்டுப் போயிடுச்சுக்கா. கடைசி மூணு கிலோமீட்டர் வெறும் கல்லும் சேறும். பழைய டயர் ரெண்டு தடவை மாட்டிக்கிச்சு. ஒரு தடவை அப்பாவே வந்து தள்ளினாரு."

கெத்துக்காக வாங்கிய டயர் அல்ல அது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வந்ததெல்லாம் ஒருவித அசதி.

"லோடு என்ன கொண்டு போவ?"

"கேஸ் சிலிண்டர். மளிகை. தண்ணி கேன் நாலு."

பல் டாக்டர் தாளை மடித்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வேலை வேலைதான்.

"ஒம்பதா, பத்தா?"

"பத்தே போதும்ணே," என்றான் தம்பி. "நான் சமாளிச்சுக்குவேன்."

"ஒம்பது போடுங்க," என்றாள் அக்கா.

பிக்கப் நான்கு நாள் ஷெட்டில் கிடந்தது. ஒரு மதியம் அக்கா பார்க்கப் போனபோது, பல் டாக்டர் பெரிய பல்சக்கரத்தின் பற்களில் மஞ்சள் மை தடவிச் சுற்றிக்கொண்டிருந்தார். பல்லும் பல்லும் உரசிய இடத்தில் மை விலகி ஒரு தடம் விழுந்தது. தடம் ஓரத்தில் இருந்தது. மறுபடி அவிழ்த்து, காகிதம் போன்ற மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, மறுபடி மை தடவிச் சுற்றினார். ஐந்தாவது முறைதான் தடம் பல்லின் நடுவில் விழுந்தது. அதுவரை அவள் நின்றே பார்த்தாள்.

முதல் எண்ணூறு கிலோமீட்டருக்கு லோடு கூடாது, விரட்டவும் கூடாது என்றார் அவர். அதுவரை கண்ணாடிக்கு வாடகை வண்டி பிடித்தார்கள். தம்பி வெறும் வண்டியை ஹைவேயில் மெதுவாக ஓட்டிப் பழக்கினான். ஆக்ஸில் எண்ணெய் மாற்றியதும் வந்த புதன்கிழமை, தம்பி சிலிண்டரை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து சாவிக்குக் கை நீட்டினாள்.

"லோடோட எப்படி ஏறுதுன்னு பாக்கணும்," என்றாள். தம்பி சாவியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டான்.

வண்டி ஏறியது. இன்ஜினை உறுமவிட வேண்டியிருக்கவில்லை, குலுக்கலும் இல்லை. கடைசி மூன்று கிலோமீட்டரில் கல்லுக்குக் கல் நிதானமாகப் பிடித்து ஏறியது.

தகரக் கூரை போட்ட காவல் அறையிலிருந்து வெளியே வந்த அப்பா, ஓட்டுநர் கதவு திறந்ததும் அப்படியே நின்றார். முழங்கை கிழிந்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நீயா?"

"அவனுக்கு வேலை இருக்கு," என்று பொய் சொன்னாள்.

இருவருமாகக் கேன்களை இறக்கினார்கள். அவர் ஒன்றைத் தூக்கப் போய் மூச்சு வாங்க, அவள் வாங்கிக்கொண்டாள். எல்லாம் இறக்கிய பிறகு, அறை வாசலில் நின்றபடியே, ஆறு வருடமாக நாக்கு நுனியில் இருந்ததைக் கேட்டாள்.

"ஏன் வரல?"

யாரைப் பார்க்க, எப்போது என்று அவர் கேட்கவில்லை. குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"அவளை அப்படிப் பாக்க முடியலம்மா. பயம். வேற ஒண்ணும் இல்ல."

பதில் அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அவள் அவருக்காகக் கற்பனை செய்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் இதைவிடப் பெரியவை, இதைவிடக் கொடியவை. இதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.  

"உள்ள வா, உக்காரு," என்றார்.

"இருட்டுறதுக்குள்ள இறங்கணும்," என்றாள்.

அடுத்த புதன் தம்பி போனான். அதற்கடுத்த புதன் இருவருக்குமே வேலை இருந்ததால் யாரும் போகவில்லை. வியாழக்கிழமை அவள் போனாள்.