அம்மா நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான். வந்து அப்பாவைத் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவான். "அப்பாவுக்கு மறதி முத்திடுச்சு, தனியா விட்டா ஒருநாள் எங்கயாவது தொலைஞ்சு போயிடுவாரு" என்பது அவன் கட்சி. "உன்னையும் என்னையும்விட அவருக்கு ஞாபகம் ஜாஸ்தி" என்பது என் கட்சி. அப்பாவோ தன் வீட்டை விட்டு ஓரடிகூட நகர மாட்டேன் என்கிறார். இந்தப் பஞ்சாயத்துக்கு நடுவராக வந்து உட்கார்ந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா.

அப்பா நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது ஓரிடத்தில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அதற்கான குறிப்பை இணையத்தில் போடுவார்கள். மற்றவர்கள் போனும் கையுமாக அலைந்து தேடுவார்கள். கிடைத்தால், உள்ளே இருக்கும் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. போன வருடம் அப்பாவும் ஒரு டப்பா ஒளித்தார். பழைய நகரத்தில் மணிக்கூண்டு, கோர்ட், தபால் நிலையம் மூன்றிலும் எண்களைச் சேகரித்துக் கூட்டி, வரும் எண்ணைப் போன் வரைபடத்தில் போட்டால் பழைய கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்கலாம். அங்கே கடைசிக் குறிப்பு: "அம்மா நின்ற இடத்திலிருந்து வடக்கே ஆறடி."

யாருக்கும் கிடைக்கவில்லை. இணையத்தில் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். "டப்பா இல்லை." "எந்த அம்மா?" "எழுதியவருக்கு மண்டையில் கோளாறு." அந்தக் கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அண்ணன் எனக்கு அனுப்பியிருந்தான். எனக்கு வந்ததே கோபம். "அப்பா சொன்ன இடத்துல டப்பா இருந்தா அவரைக் கூட்டிட்டுப் போகக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டேன். சம்மதம் என்றான்.

சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் கிளம்பினோம்.

"எங்கப்பா வச்சீங்க?"

"அதான் எழுதியிருக்கேனேம்மா."

"எந்த அம்மா?"

"அம்மாதாம்மா."

இதற்கு மேல் என்ன கேட்பது? எங்கள் அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. அவளை எரித்தோம். அவளுக்குக் கல்லறையே கிடையாது. அப்பாவின் அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை.

கோர்ட் வாசலில் தூண்களை எண்ணினேன். பதினான்கு. அப்பா பதினாறு என்றார். மறுபடி எண்ணினேன், பதினான்குதான். அப்பா என் கையைப் பிடித்து இரண்டு ஓரங்களுக்கும் அழைத்துப் போனார். அங்கே சுவருக்குள் பாதி புதைந்து பக்கத்துக்கொரு தூண் நின்றது. "பாதி உள்ள போனாலும் தூண் தூண்தாம்மா" என்றார். அளவையரிடம் வாயைக் கொடுத்தது என் தப்பு. ஆனால் மனசு லேசாகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மண்டை காய்ந்தது. அங்கே எங்கு பார்த்தாலும் அம்மா. "எங்கள் அன்பு அம்மா", "அம்மா இங்கே இளைப்பாறுகிறார்" என்று பாசி படிந்த கற்கள். பேர்கூட இல்லாமல் வெறும் "அம்மா" என்றே மூன்று கற்கள். பத்தொன்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, குறிப்பில் 'நின்ற' என்று இருக்கிறது. இவர்கள் எல்லோரும் படுத்திருக்கிறார்கள். நிற்பவள் ஒருத்திதான், மேற்கு மூலையில் கை உடைந்த கற்சிலை.

சிலையின் காலடியில் டேப்பை வைத்து வடக்கே ஆறடி இழுத்தேன். எறும்புப் புற்று. காவலாளி தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

"நீங்களுமா? வர்றவன் எல்லாம் இந்தம்மா காலைச் சுத்தியே நோண்டுறான். சிலை சாஞ்சா யாருங்க பதில் சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேன். அப்பா கேட்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். அவருடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. முகவரி மாறி வந்துவிட்டவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். பயந்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைங்கப்பா! எதுக்கு என்னை இப்படி அலைய விடுறீங்க?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ ஏம்மா இங்க வந்து அளக்குற? டப்பா வச்ச அன்னிக்கு நீ உள்ளயே வரலையே. வாசல்கிட்ட நின்னு போன்ல கத்திக்கிட்டு இருந்த. யாருக்கோ மேல் பல் செட்டுக்குப் பதிலா கீழ் பல் செட்டை அனுப்பிட்டாங்கன்னு."

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். அந்தக் கூத்து நடந்தது நிஜம். அன்றைக்கு இந்த வாசலில்தான் நின்றேன் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பிறந்ததிலிருந்து அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வாம்மா, போம்மா, சாப்பிட்டியாம்மா. ஊர் உலகத்துக்குப் போடும் குறிப்பிலும் அதையே எழுதி வைத்திருக்கிறார் மனுஷன். பதினேழு பேரும் செத்தவர்கள் மத்தியில் தேடிய அம்மா நான்தான்.

சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"மறந்தது அவர் இல்லடா, நான்! அப்பா டாண் டாண்ணு சொல்றாரு!"

"டப்பாவைக் காட்டு, அப்புறம் பேசு" என்றான்.

வாசலில் நான் நின்ற இடத்தில் அப்பா என்னை நிற்க வைத்தார். டேப் வேண்டாம் என்றார். வடக்கே காலடியால் அளந்து போய், வாசல் தூணுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு செங்கல்லை நகர்த்தி டப்பாவை எடுத்தார். "இருக்கு! இருக்கு!" என்று போனில் கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நோட்டைத் திறந்தேன். யாருக்கும் கிடைக்காத டப்பா, நோட்டு வெறுமையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு செவ்வாய்க்கிழமைத் தேதி. எல்லாம் ஒரே கையெழுத்து, வரைபடத்தில் எழுதுவது போன்ற நேரான, சின்ன எழுத்து. செவ்வாய்க்கிழமைகளில் அப்பா நூலகத்துக்குப் போவதாகத்தான் சொல்வார்.

"முதல் முறை வருகிறேன். அமைதியான இடம். ஒளித்து வைத்தவருக்கு நன்றி."

"முதல் முறை வந்தேன். அம்மா யார் என்று குறிப்பில் சொல்லியிருக்கலாம். கை தானாகத் தூணுக்குப் பின்னால் போனது."

அடுத்ததும் முதல் முறை. அதற்கடுத்ததும். கடைசியாகப் போன செவ்வாய்: "வாசலில் ஒரு பெண் நின்றாள் என்று ஏனோ தோன்றுகிறது. யார் என்று தெரியவில்லை. வடக்கே ஆறடி. கிடைத்தது."

இப்போது என்னை யார் என்று தெரிகிறதா? பல் செட் வரைக்கும் சொன்னாரே? செவ்வாய்க்கிழமை யாராக இருந்தேன்? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாரும்மா, ஒன்பது பேர் கண்டுபிடிச்சிருக்காங்க! கோளாறுன்னு எழுதினானே, அவன்கிட்ட காட்டணும்."

"ஆமாப்பா" என்றேன்.

போனில் அண்ணன் இன்னும் இருந்தான். "சரி, நான் தோத்துட்டேன். நாளைக்கு நான் வரலை. போதுமா?"

"வாண்ணா" என்றேன்.

"என்ன குழப்புற? டப்பா அவர் சொன்ன இடத்துல இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு" என்றேன். "நீ நாளைக்கு வரைக்கும் காத்திருக்காத. இன்னிக்கே கிளம்பி வா."