யார் செய்த கடிகாரம்

பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. கடிகாரத்துக்கு உள்ளே ஓடும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில், முன்னும் பின்னும் ஆடுகிற பொடிச் சக்கரத்தை இடுக்கியால் எடுத்து அதனிடத்தில் உட்கார வைப்பது. தும்மினால் போச்சு, தேடிக் கண்டுபிடிக்க முடியாது. முடிந்த இயந்திரங்களைப் பெரிய பெரிய கம்பெனிகள் வாங்கிப்போய்த் தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ளும். எந்தக் கம்பெனி என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அவளுடைய நாத்தனாரின் கணவர் ஓர் அலுவலகத்தில் மேனேஜர். வீட்டிலும் அவருக்கு அதுதான் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தவர், உட்காருவதற்கு முன்பே புதுக் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"பாரும்மா. உள்ள இருக்கற ஒவ்வொரு ஸ்க்ரூவும் அவங்களே செஞ்சதாம். வெளியில ஒண்ணுமே வாங்க மாட்டாங்களாம். கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை."

அவள் திருப்பினாள். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே இயந்திரம் பொன்முலாமும் மெருகுமாக மின்னியது. பிள்ளைக்குப் பட்டுச் சட்டை மாட்டிவிட்டால் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

"ரொம்ப நல்லா இருக்குண்ணா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவள் கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். "என்ன முழிக்கிற? உங்க ஃபேக்டரி சரக்கா?"

அவள் அவசரமாகத் தட்டு எடுக்கத் திரும்பினாள். அதுவே பதிலாகிவிட்டது. நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேனேஜரின் முகம் சுண்டிப்போனது.

"அப்போ என்னை ஏமாத்திட்டாங்களா?"

"மெருகு அவங்களோடதுண்ணா, டயலும் அவங்களோடதுதான். நாங்க மட்டும் என்ன, எல்லாத்தையுமா செய்யறோம்? உள்ள முடி மாதிரி ஒரு ஸ்ப்ரிங் இருக்கு, அதை நாங்களே வெளியிலதான் வாங்கறோம். நல்லா ஓடும், கவலைப்படாதீங்க."

அவர் பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். ஆசையாக வாங்கி வந்த மனிதரின் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு இரண்டு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் அவருடைய அலுவலகத்திலிருந்து போன்.

"இங்க ஒருத்தர் நம்ப மாட்டேங்கறார். இந்த வாட்ச் என் தங்கச்சி கையால செஞ்சதுன்னு நீயே சொல்லும்மா."

கூடவே ஒரு புதுக் குரல். "நிஜமாவே நீங்களே செஞ்சதா மேடம்?"

நாங்கள் நாற்பது பேர், என் பங்கு ஒரு சக்கரம். நாக்கு நுனிவரை வந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"ஆமாங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது. கடைக்காரர் சொன்ன பொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மறுநாள் பக்கத்து மேசை அக்காவிடம் மெல்லச் சொன்னாள். அக்கா கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"அடிப்பாவி! அப்போ நான் போட்ட பதினேழு ஸ்க்ரூ?"

சாப்பாட்டு இடைவேளையில் அவளே மேனேஜருக்குப் போன் செய்தாள். "நாப்பது பேர் சேர்ந்து செஞ்சதுண்ணா. நேத்து நான் சொன்னது தப்பு."

"தெரியும்மா" என்றார் அவர். "நாப்பது பேரையும் சொல்லி முடிக்கறதுக்குள்ள கேக்கறவன் எழுந்து போயிடுவான்."

அவள் சிரித்துவிட்டாள். அக்காவின் பெயரையாவது சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.