நூற்றுக்கு நூற்றிருபது

இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. காது மந்தமாகிவிட்டது, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்க வேண்டும். என் பேராசையைப் பற்றி ஒரு கதை சொல்லப்போகிறேன்.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு பாட்டு கட்டினோம். வரிகள் என்னுடையவை, மெட்டு அவளுடையது. வானொலியில் ஒருமுறை வந்ததுதான் தாமதம், சலூன், துணிக்கடை, பேருந்து என்று எங்கே பார்த்தாலும் அதே பாட்டு. இப்படிப் பாட்டுப் போடுகிறவர்களிடம் கட்டணம் வாங்கி, எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு சங்கம் உண்டு. யாருக்கு எத்தனை சதவீதம் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சங்கத்துக்குப் போய், எனக்கு அறுபது என்று எழுதிக் கொடுத்தேன். வரி இல்லாவிட்டால் மெட்டு வெறும் முனகல்தானே என்று நினைப்பு!

ஒரு வருஷம் கழித்து, காசு வரவில்லை, கடிதம் வந்தது. இருவரும் நேரில் வரவும்.

சங்கத்து அதிகாரி இரண்டு படிவங்களை எங்கள் முன்னால் விரித்தார். "நீங்க அறுபது எழுதியிருக்கீங்க. இவங்களும் அறுபது. நூறைத் தாண்டினா யாருக்கும் எதுவும் போகாது. இன்னிக்கும் முடிவு பண்ணலைன்னா, பாட்டு தகராறுப் பட்டியலுக்குப் போயிடும்."

"எனக்குத் தெரியாமலா வந்தீங்க, அண்ணி?"

"நீ மட்டும் மேளம் கொட்டிட்டா வந்தே? பாட்டு என் வரியாலதான் நிக்குது."

"அப்ப மெட்டு இல்லாம சொல்லுங்க, பார்ப்போம்."

சொன்னேன். முதல் சரணம் வந்தது. இரண்டாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நானே எழுதியது, ஒரு வார்த்தைகூட வரவில்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன், அதற்கும் தெரியவில்லை.

அவள் மெல்லப் பாடினாள். என் சரணம், ஓர் எழுத்துப் பிசகாமல். எழுதிய நாளில் அதில் ஒரு சொல் கிடைக்காமல் நான் திண்டாடியபோது எடுத்துக் கொடுத்ததே இவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பேனாவைக் கொடுங்க தம்பி," என்று வாங்கி, அறுபதை அடித்து நாற்பது என்று எழுதினேன். பெரிய தியாகி மாதிரி நிமிர்ந்தால், அவளும் தன் படிவத்தில் நாற்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்!

அதிகாரி தலையில் கை வைத்தார். "இப்ப எண்பது. மிச்ச இருபதை நான் எடுத்துக்கவா?"

"ஐயோ, வேண்டாம்!" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

புதிதாக ஒரே ஒரு படிவம் கொடுத்தார். அவள் தாளைப் பிடித்துக்கொள்ள, நான் இருவருக்கும் ஐம்பது ஐம்பது என்று எழுதினேன்.

உங்கள் வீட்டில் கோபித்துக்கொள்கிறவர்கள் எல்லாம் சாப்பாட்டு வேளைக்குள் சிரித்துவிடட்டும். நன்றாயிருங்கள், கண்ணுகளா.