நாலு வரி ஜன்னல்

1932ஆம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து, மயிலாப்பூர்க் கால்வாய்க்கரைப் பெண்கள் பள்ளியின் நான்காம் வகுப்பில், செய்தித்தாளைக் கத்தரித்த ஓட்டைகளில் அந்தந்தச் செய்தி நடந்த இடம் தெரிந்தது. அந்த மாதம்தான் லஸ் பக்கத்து ஹால் ஒன்றில், செய்தித்தாளை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியைகளுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மழைக் குறிப்பில் பூகோளம், அரிசி விலையில் கணக்கு, தைல விளம்பரத்தில் வாசிப்பு. மறியல், சிறை, வேலைநிறுத்தம் எல்லாம் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. கத்தரித்துவிட்டுத்தான் சுவரில் மாட்ட வேண்டும். பயிற்சி கொடுத்தவர் அனந்தராமன், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "படிச்சுண்டே வெட்டாதீங்கோம்மா, கை கோணிடும். செய்தி எவ்வளவோ அவ்வளவே வெட்டணும்."

கை கோணாமல் வெட்டியவள் நான்காம் வகுப்பு டீச்சர் குல்ஷன் ஒருத்திதான். பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் அவள் புருஷன் கரீமுல்லா, மாம்பலத்துக் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து, ஆனியில் ஆறு மாதத் தண்டனை வாங்கியிருந்தான். எந்தச் சிறை என்றுகூட அவளுக்குத் தெரியாது. விசாரித்தால் விஷயம் வெளியே வரும், வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

முதலில் ஒரு மில்லின் பூட்டிய கேட் தெரிந்தது. பஞ்சுத்தூசி பறந்து வந்து பிள்ளைகள் தும்மினார்கள். பதிலுக்கு அவர்கள் எறிந்த சாக்பீஸ் தாளுக்குப் பின்னால் சுவரோரம் விழுந்தது. அங்கேயிருந்து எல்லாம் வரும், இங்கேயிருந்து எதுவும் போகாது. பார்வையிட வந்த அனந்தராமன் கேட்டைப் பார்த்தார், "ஓரம் நேரா வந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆடிக் கடைசியில் சிறை மாற்றிய கைதிகள் பட்டியலில் கரீமுல்லாவின் பெயர் ஒரு வரி வந்தது. கத்தரித்தாள். விரலகல ஓட்டையில் பாதிக் காது தெரிந்தது, புளித்த கஞ்சி வாடை அடித்தது. "ஏங்க, கஞ்சி குடிச்சீங்களா?" என்றாள். காது அசையவில்லை. ஓட்டையைப் பெரிதாக வெட்டிப் பார்த்தாள். பக்கத்து விளம்பரத்தின் கூந்தல் தைலப் புட்டிதான் கூடுதலாகத் தெரிந்தது.

பள்ளிக்கூடம் பெருக்கும் முத்தம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். "சேதி பெருசா வந்தாதானே டீச்சரம்மா ஆளு பெருசா தெரிவாரு? ஈயம் பூசறவரு பேரு எப்போ பெருசா வரும், நீயே சொல்லு."

அன்று முதல் பேப்பர்காரன் மணியடித்தால் குல்ஷன் வாசலுக்கு ஓடிப்போய் வாங்குவாள், உடனே பிரிக்க மாட்டாள். பெயர் வர வேண்டும் என்றும் இருந்தது, வந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

ஆவணியில் சிறையில் உண்ணாவிரதம் என்று நாலு வரி வந்தது. நாலு வரியில் கரீமுல்லா நெற்றி முதல் மோவாய் வரை தெரிந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. அவன் இருமல் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"டீச்சர், இது ஆரு டீச்சர்?" என்றாள் முன்வரிசை சுலோச்சனா. "உங்க ஊட்டுக்காரரா?"

"எனக்கின்னா தெரியும்? கணக்கைப் போடு."

அவன் இருமிக்கொண்டே இருந்தான். அவள் அரிசி விலையைப் பலகையில் எழுதினாள்.

புரட்டாசி பதினெட்டாம் தேதி, பக்கத்தின் ஒரு பத்தியில் கால்வாசி நீளத்துக்கு, அவன் பெயரையே தலைப்பாகப் போட்டு வந்தது. குல்ஷன் அதைப் படிக்கவில்லை. அளவே போதுமாக இருந்தது. கோட்டோரமாக, கை கோணாமல் வெட்டி மாட்டினாள். முதல் தடவையாகத் தலையிலிருந்து கால்வரை முழு ஆளும் தெரிந்தான், வெள்ளைத் துணியில் சுற்றியபடி. நாலு பேர் குழியில் இறக்கினார்கள். ஈர மண் வாசனை வந்தது. மணியடித்தது, பிள்ளைகள் பூகோளப் புத்தகத்தை எடுத்தார்கள்.

மற்றத் தாள்கள் வாராவாரம் மாறின. அந்தத் தாளை அவள் இறக்கவில்லை, யாரும் இறக்கச் சொல்லவுமில்லை. அடுத்த ஏழு வருஷமும் ஐப்பசி பிறந்தால் அந்த மண்மேட்டில் பெய்த மழை வகுப்புக்குள் தெறித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் தாமாகவே உட்காரும் பலகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். முத்தம்மா தினமும் சாக்கைப் போட்டுத் துடைத்தாள்.