குரங்குத் தலை ஜாடியில் ஒரு கோழியின் இதயம்

1

இந்தக் கதை கோழி நாற்றத்தில் பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம் மழையிலும் மௌனத்திலும் கதை பிறக்கிறதாம். எனக்கு அது மேல்வீட்டிலிருந்து, குளியலறைக் காற்றுப்போக்கி வழியாக வந்து இறங்கியது. எலி செத்திருக்கும் என்று கட்டிலையும் அலமாரியையும் நகர்த்திப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த பெண்மணி, நான் வாயைத் திறக்கும் முன்பே, "அது கோழி இல்ல சார், மம்மி," என்றாள்.

நான் கோழி என்று சொல்லவே இல்லை.

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது: "நைல் நதிக்கரையில் சூரியன் மெல்ல—" அடித்துவிட்டேன். நைலை நான் பார்த்ததில்லை, மேல்வீட்டுக்காரியும் பார்த்ததில்லை. இரண்டாவது: "கல்வி என்றால் என்ன?" இப்படித் தொடங்குகிற எதையும் நான் இரண்டாம் பக்கம் வரை படித்ததில்லை, உங்களை மட்டும் எதற்காகப் படுத்த வேண்டும்? மூன்றாவது: "அவள் ஒரு நல்ல தாய்." இதுதான் இருப்பதிலேயே மோசம். ஒருத்தியை இப்படிப் புகழ்ந்து தொடங்குகிற எழுத்தாளன், அவளைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறான் என்று அர்த்தம்.

அதனால் நாற்றத்திலிருந்தே தொடங்கிவிட்டேன். அது ஒன்றுதான் நிஜம்.

2

கதாநாயகிக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் வாய்விட்டுத் திட்ட முடியாது. அம்மா என்றே இருக்கட்டும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் லிஃப்டையெல்லாம் நகர்த்துகிறவர், வீட்டில் ஒரு வார்த்தையை நகர்த்த முடியாதவர். ஒரே மகள், ஒன்பது வயது. அவளை எல்லாரும் வாண்டு என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

அம்மா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும், 'இது பள்ளிக்கூடம் இல்லை, தொழிற்சாலை' என்று அவளுக்கு ஞானம் பிறந்தது. (அதே வாரம் அலுவலகத்தில் அவள் எதிர்பார்த்த பதவி உயர்வு வேறொருத்திக்குப் போனது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஞானம் சும்மா பிறப்பதில்லை.) வேலையை விட்டாள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். இனி வீடுதான் பள்ளி.

சாப்பாட்டு மேசையில் வெளிச்சம் நன்றாக விழுகிற மூலைதான் வகுப்பறை. ஏனென்றால் படம் அங்கேதான் நன்றாக வரும். வீட்டிலேயே பாடம் நடத்தும் தாய்மார்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. 'சுதந்திரச் சிறகுகள்' என்று பெயர். வாரம் ஒரு நாகரிகம். எகிப்து வந்தபோது சர்க்கரைக் கட்டிகளை ஒட்டிப் பிரமிடு செய்யச் சொன்னார்கள். வாண்டு கட்டியது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அம்மா அதைப் பிரித்து, தானே நேராகக் கட்டி, பக்கத்தில் மகளை நிறுத்தினாள்.

"சிரிடி. பசை விடறதுக்குள்ள சிரி."

படத்துக்குக் கீழே, 'முழுக்க முழுக்க இவளே செய்தது! நான் கை வைக்கவே இல்லை!' என்று போட்டாள். பாராட்டு வந்து குவிந்தது. அம்மாவுக்கு அன்று முழுவதும் கால் தரையில் படவில்லை. இதைக் கிண்டலாகத்தான் எழுதுகிறேன். ஆனால் தொலைபேசியில் பிறர் திட்டுவதைக் கேட்டே பல வருடம் ஓட்டிய ஒருத்திக்கு, முகம் தெரியாத நாலு பேர் சபாஷ் சொன்னால் எப்படி இருக்கும் என்று—

வேண்டாம். இந்த வாக்கியத்தை முடித்தால் திட்டு நீர்த்துப்போய்விடும்.

3

[இடையில் ஒரு குறிப்பு. தாண்டிப் போகாதீர்கள், கதையே இதில்தான் தொங்குகிறது. பழைய எகிப்தியர்கள் செத்தவர் உடலை உப்பில் மூடி, வாரக்கணக்கில் பொறுமையாக உலர்த்தி மம்மி ஆக்கினார்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனித்தனி ஜாடியில் வைத்தார்கள். மனிதத் தலை, குரங்குத் தலை, நரித் தலை, பருந்துத் தலை என்று ஜாடிக்கு ஒரு மூடி. மூளையை மூக்கு வழியாக இழுத்து எறிந்தார்கள், அதனால் உபயோகம் இல்லை என்று நினைத்தார்கள். எங்கள் கட்டடத்தில் சிலரைப் பார்த்தால் அது நியாயம்தான் என்று படுகிறது. இதயத்தை மட்டும் உடம்பிலேயே விட்டார்கள். மேலுலகத்தில் அதை ஒரு இறகுக்கு எதிரே தராசில் வைப்பார்களாம். பொய்யும் புரட்டுமாக வாழ்ந்தவர் இதயம் கனக்கும். கனத்தால் முதலைத் தலை பூதம் ஒன்று அதை விழுங்கிவிடும்.]

குழுவில் சொன்ன, மம்மி செய்ய வேண்டிய முறை இது. முழுக் கோழி ஒன்றை உப்பிலும் சமையல் சோடாவிலும் புதைத்து, ஈரம் ஏற ஏற உப்பை மாற்ற வேண்டும். அம்மாவுக்குப் பச்சைக் கோழியைத் தொட அருவருப்பு. ஒருமுறை உப்பைக் கொட்டினாள், அதோடு சரி. அதற்குள் குழுவில் கிரேக்க வாரம் தலைகாட்டியது. அரைகுறையாகக் காய்ந்த கோழியைப் பேண்டேஜ் துணியில் சுற்றித் தங்க நிறம் அடித்துவிட்டாள்.

கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஃப்ரிட்ஜ்லயாவது வெக்கலாம்ல?" என்று கேட்டார்.

"எகிப்துல ஃப்ரிட்ஜ் இருந்துச்சா?"

அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்தது ஜாடிகள். கறிக்கடையில் கோழியைச் சுத்தம் செய்து, உள்ளுறுப்புகளைச் சின்னப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பையில் ஈரல் இருந்தது, இரைப்பை இருந்தது, இதயம் இருந்தது, கழுத்துத் துண்டு ஒன்று இருந்தது. குடலும் நுரையீரலும் இல்லை, ஜாடியோ நாலு. அம்மா துளிகூடக் கலங்கவில்லை. ஈரல் ஒன்றில், இரைப்பை ஒன்றில். கழுத்தைப் பருந்துத் தலை ஜாடியில் போட்டுக் 'குடல்' என்று எழுதி ஒட்டினாள். மிச்சம் இருந்த இதயத்தைக் குரங்குத் தலை ஜாடியில் போட்டு, வாய் வரை உப்பை நிரப்பி, 'இதயம்' என்று அழகான எழுத்தில் எழுதினாள்.

வாண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் படிப்பதெல்லாம் அங்கேதான், மேசைக்கு அடியில் யாரும் படம் எடுப்பதில்லை. நூலகத்திலிருந்து அப்பா எடுத்துவந்த எகிப்துப் புத்தகம் மடியில் விரிந்திருந்தது. வெளியே வந்து ஜாடியைக் காட்டி, "அம்மா, இதயத்த—" என்று தொடங்கினாள்.

"கைய எடு. நிழல் விழுது."

வாண்டு கையை எடுத்துக்கொண்டாள்.

4

இனி அக்கா. அம்மாவுக்கு மூத்தவள், பள்ளிக்கூட டீச்சர். இவளையாவது நல்லவளாக எழுதலாம் என்று ஒரு பக்கம் முயன்றேன், பேனா மறுத்துவிட்டது. சொந்த வீட்டில் தண்ணீர் கேட்கிறவர்களிடம்கூட "முழு வாக்கியமா கேளு" என்கிற ரகம். பூனை குறுக்கே ஓடினால் அதையும் வரிசையில் வரச் சொல்வாள்.

பத்து நாள் கழித்து, யாரோ அனுப்பி, ஜாடிப் படம் அவள் கண்ணிலும் பட்டது. நேராகக் கிளம்பி வந்துவிட்டாள்.

"என்னடி கூத்து இது? பிள்ளைய வெச்சுக்கிட்டு விளையாடறியா?"

"உங்க ஸ்கூல்ல பண்றதவிட இங்க நல்லாத்தான் படிக்கறா."

"அப்ப நான் கேள்வி கேக்கறேன். எகிப்து பாடம்தானே? ஒன்னு தப்பினாலும் திங்கக்கிழமை அவ என் ஸ்கூலுக்கு வரா. எல்லாத்தயும் சரியாச் சொல்லிட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"கேளேன். எனக்கு என்ன பயம்?"

பயம் இருந்தது. அவள் மண்டைக்குள் உட்கார்ந்துதானே எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா? தோற்றால் குழுவில் முகம் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. மகள் காலையில் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டால், இந்த வீட்டில் அம்மாவும் நான்கு ஜாடிகளும்தான். வேலையும் இல்லை, திரும்பப் போக முகமும் இல்லை. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பெயர் வைக்காததே நல்லதாகப் போயிற்று.

இந்த நேரத்தில்தான் நான் நாற்றத்தைப் பற்றிக் கேட்கக் கதவைத் தட்டியிருக்கிறேன். 'மம்மி' என்று எனக்கு விளக்கம் சொன்ன அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"கீழ்வீட்டுக்காரரு. கதை எழுதுவாரு."

"நல்லதாப் போச்சு. நடுவரா இருக்கட்டும். வேற வேலை இருக்காது."

5

கூடத்தில் உட்கார்ந்தோம். நடுவில் ஸ்டூல் ஒன்றில் வாண்டு. அவளுக்குப் பின்னால் அலமாரியில் தங்கக் கோழி, வரிசையாக நான்கு தலைகள். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தேன். மற்றவர்களுக்கு மூக்கு பழகிவிட்டது போலும், அல்லது வீம்பில் அடைத்துவிட்டது.

பிரமிடு எதற்கு, நைலில் வெள்ளம் வந்தால் என்ன லாபம், எழுத்தை எதில் எழுதினார்கள் என்று டீச்சர் கேட்கக் கேட்க, வாண்டு தடுமாறாமல் சொன்னாள். அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கவும் ஆரம்பித்தாள்.

அப்புறம் டீச்சர் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"மம்மி செய்யறப்போ இதயத்த எங்க வெச்சாங்க?"

அம்மாவின் முகம் இன்னும் மலர்ந்தது. இந்தப் பதில் அவளுக்குத் தெரியும். அலமாரியில் எழுதி ஒட்டியே இருக்கிறது. கண்ணாலேயே ஜாடிப் பக்கம் சாடை காட்டினாள்.

வாண்டு அம்மாவைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள்.

6

கதையை இங்கே நிறுத்துகிறேன். அவசரப்படாதீர்கள். அவள் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். 'உடம்புக்குள்ள' என்றால் ஜெயித்து வீட்டிலேயே இருப்பாள், ஆனால் அம்மாவின் அறிவு அக்கா முன்னால் சந்தி சிரிக்கும். 'ஜாடியில' என்றால் அம்மா சொன்னதைச் சொன்னதாக ஆகும், ஆனால் தோற்றுப் பள்ளிக்குப் போவாள்.

முடிவு ஒன்று: வாண்டு உண்மையைச் சொல்கிறாள். அம்மா கண்ணீர் விட்டு மகளைக் கட்டிக்கொள்கிறாள். டீச்சர், "என் கண்ணத் திறந்துட்டேடி" என்கிறாள். இந்த டீச்சரா? இதை எழுதின கையை நானே அடித்தேன்.

முடிவு இரண்டு: அம்மாவுக்காக வாண்டு வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டு, சீருடை போட்டுக்கொண்டு, தலை குனிந்து நடந்து போகிறாள். சின்னப் பெண்ணின் தியாகம். பெரியவர்கள் படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொள்ளலாம். இதுவும் சகிக்கவில்லை. பள்ளிக்கூடம் போவது தியாகம் என்று யார் சொன்னது? ஒருவேளை அவளுக்கு அங்கே போகத்தான் ஆசையோ என்னவோ.

நடந்தது வேறு. கற்பனை செய்ய எனக்குத் துப்பு இல்லை என்பதால் நடந்ததையே எழுதுகிறேன்.

7

வாண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அலமாரியிலிருந்து கோழியை எடுத்து மேசையில் வைத்தாள். தங்கப் பூச்சு உதிர உதிரத் துணியைப் பிரித்தாள். அறையில் எழுந்த நாற்றத்தில் டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். "ஏய், என்னடி பண்றே!" என்று அம்மா கத்தினாள்.

வாண்டு குரங்குத் தலையைக் கழற்றினாள். ஜாடியிலிருந்த உப்பைக் கவிழ்த்து, விரலால் துழாவி, இதயத்தை எடுத்தாள். சின்ன விதை அளவுக்குச் சுருங்கி, கறுத்து, நாற்றமே இல்லாமல் இருந்தது. அந்த வீட்டு எகிப்தில் ஒழுங்காகக் காய்ந்தது அது ஒன்றுதான். அதைக் கோழிக்குள் வைத்தாள். துணியைத் திரும்பச் சுற்றினாள், நிதானமாக, ஒரு மடிப்பு விடாமல்.

"அது இல்லன்னா எத எடை போடுவாங்க?" என்றாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டது அம்மாதான்.

"பார்த்தியாக்கா? நான்தான் சொல்லிக்குடுத்தேன்!"

"நீயா? அப்ப ஜாடியில எதுக்குடி இதயம்னு எழுதி ஒட்டினே?"

"அது... அவ கண்டுபிடிக்கறாளான்னு பார்க்கத்தான்!"

"அடிப்பாவி! கூசாமப் பொய் சொல்றே."

"நீ மட்டும் என்ன? புத்தகத்தப் பார்க்காம உனக்கு விடை தெரியுமா? சொல்லு!"

அவ்வளவுதான். சின்ன வயதில் யார் யாருடைய பென்சிலை ஒடித்தது என்பது வரைக்கும் போய்விட்டார்கள். பள்ளி, வீடு, எகிப்து எல்லாம் காற்றில் போயிற்று. திங்கட்கிழமை என்ற சொல் மட்டும் நடுநடுவே இரண்டு பக்கமும் பறந்தது.

வாண்டு அழுகல் ஒட்டின கைகளை உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். "கை கழுவணும்," என்றாள். யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. நானும் கைக்குட்டையை எடுக்காமல் உட்கார்ந்தே இருந்தேன். அவளே போய், முழங்கையால் குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அக்கா தங்கை இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொல்லுங்க சார். யாரு ஜெயிச்சது?"

இதே கேள்வியைத்தான் நீங்களும் கேட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மறுக்காதீர்கள். அம்மாவா, பெரியம்மாவா, வீடா, பள்ளியா? அவர்கள் இருவரோடு நீங்களும் நானும் சேர்ந்து நாலு பேர். அந்தப் பெண்ணுக்கு எங்கே இருக்க ஆசை என்று நாலு பேரில் ஒருவர்கூட இதுவரை கேட்கவில்லை. அவளுக்காக ஒரு முடிவை நான் எழுதினால், அதுவும் 'முழுக்க முழுக்க இவளே செய்தது' என்று படத்துக்குக் கீழே போடுவது மாதிரிதான். எழுத மாட்டேன்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நாற்றம் லேசில் போகாது, சோப்பு போட்டு நன்றாகத் தேய்ப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே பேசாதீர்கள்.