கோப்பி கேட்டவர்

வினுஷா தலைகீழாய் நின்றாலும் சிட்னிக்கு விடுவதில்லை என்று நான் ஒரே பிடியாய் நின்றேன். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை, பந்தடிக்கவென்று மூன்று இரவு வெளியே தங்குவதாம். பின்னேரம் பந்து பழக்குகிற கோச்சே வீட்டுக்கு வந்து கதைப்பார் என்றாள். வரட்டும், நாலு கேள்வி கேட்டே அனுப்புகிறேன் என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

மத்தியானம் குசினிக் குழாய் ஒழுகத் தொடங்கியது. பிளம்பருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், வாசலை அடைத்துக்கொண்டு நெட்டையாய் ஓர் ஆபிரிக்கர். நெஞ்சில் கை வைத்து "கோப்பி" என்றார்.

வந்ததும் வராததுமாகக் கோப்பி கேட்கிற பிளம்பரை எங்கள் கிரெய்கிபர்ன் பக்கத்தில் நான் கண்டதில்லை. களைப்பாக்கும் என்று போட்டுக் கொடுத்துவிட்டுக் குழாயைக் காட்டினேன். மனிதர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் சிங்குக்குக் கீழே படுத்துவிட்டார். கையில் ஒரு சாமானும் இல்லை. கொஞ்ச நேரத்தில் "கோப்பி?" என்று மறுபடி கேட்டேன். "யெஸ், யெஸ்" என்று தலையை நீட்டினார். அதையும் குடித்தார்.

அப்போது பையும் கையுமாய் இன்னொரு பிளம்பர் வந்தான். கீழே கிடந்தவரைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தான். ஒரு பிளம்பர் இன்னொரு பிளம்பரோடு ஏன் படம் எடுக்கிறான்? எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினான். கோல் அடித்துவிட்டு, கானா நாட்டுக் கொடியைப் போர்த்துக்கொண்டு ஒரு மெலிந்த பொடியன் ஓடுகிறான், சனமெல்லாம் எழுந்து நின்று கத்துகிறது. அந்தக் கோலைத் தன் அப்பா இன்றைக்கும் போட்டுப் போட்டுப் பார்ப்பார் என்றான். பொடியனுக்கும் என் சிங்கடியில் இருந்தவருக்கும் அதே சிரிப்பு.

வினுஷா உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டாள். "அம்மா, ஏன் கோஃபியின்ர சேட்டு நனைஞ்சிருக்கு?"

கோஃபி. பெயரா அது! இவர்தானா கோச்! வெட்கத்தில் முகம் எரிந்தது. கோச் என்று சொல்லாமல் ஏன் குழாய்க்குக் கீழே போய்ப் படுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் வினுஷாவைப் பார்த்துத் தயங்கினார். "அம்மா என்ன சொன்னாலும் மறுக்காமல் செய்யுங்கள், மறுத்தால் சிட்னி இல்லை என்று இவள்தான் சொன்னாள்." கோப்பி அவர் குடிப்பதே இல்லையாம். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தே யெஸ் சொன்னாராம்.

பிளம்பர் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டவரெல்லாம் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற மனிதருக்கே என்னிடம் மறுக்காமல் நடக்க வேண்டும் என்று என் பிள்ளை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள் எத்தனை வருஷமாய் அப்படி நடக்கிறாளோ?

"சிட்னிக்குக் குளிர் உடுப்பு எடுத்து வைச்சிட்டியோ?" என்றேன்.

அவள் விளங்காமல் கோஃபியைப் பார்த்தாள். அவரும் விளங்காமல் அவளைப் பார்த்தார்.

"ஓம், போகலாம் எண்டு சொல்லுறன்" என்று விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை என் வாயால் அவள் அதிகம் கேட்டதில்லை.